'அங்கிள்' என்றால் யார்? தாய்மாமனா, சித்தப்பாவா, பள்ளிக்கூட வான்காரரா?

(திருகோணமலைக்காரர் சிலர் தங்கள் புனைபெயர்களில் எழுதிய உரையாடல்)

உப்புவெளிக்காரன்

மகளின் முன்பள்ளியில் 'எனது குடும்பம்' என்று ஒரு தாள் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். படம் ஒட்டிக் கீழே பெயர் எழுத வேண்டும். அப்பா, அம்மா, அண்ணா, தங்கச்சி வரைக்கும் தமிழ்தான். அதற்குக் கீழே மூன்று பெட்டி: அங்கிள், அன்ரி, கசின். பிள்ளை தன் தாய்மாமனின் படத்தையும் என் தம்பியின் படத்தையும் ஒரே பெட்டிக்குள் ஒட்டினாள். இடம் மிஞ்சியதும், முன்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரரின் படம் இருக்கிறதா என்று கேட்டாள். அவரையும் அங்கிள் என்றுதானே கூப்பிடச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

என் தம்பி அவளுக்குச் சித்தப்பா. மகள் என்றுதான் அழைப்பான். வெளியாட்களிடம் சொல்லும்போது பெறாமகள் என்பான். மனைவியின் அண்ணன் மாமா, அவருக்கு இவள் மருமகள். மடியில் இருத்திக் காது குத்தியது அவர். நாளைக்கு இவளுக்குச் சாமத்திய வீடு (பூப்புனித நீராட்டு) வைத்தால் தேங்காய் உடைத்துத் தண்ணீர் வார்க்க வருவதும் அவர்தான். சித்தப்பா அந்த இடத்தில் நிற்க மாட்டான். அவன் வீட்டுக்காரனாக வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்பான். இருவருக்கும் பிள்ளை மேல் ஒரே பாசம்தான், ஆனால் ஒருவர் கடமையை மற்றவர் செய்ய முடியாது. இதைப் போய் ஒரே பெட்டிக்குள் அடைத்தால் பிள்ளைக்கு என்ன விளங்கும்?

என் நிலைப்பாடு இது: இந்த மூன்று சொல்லையும் வீட்டுக்குள் விடக் கூடாது. வெள்ளைக்காரர்களுக்குத் தாய், தகப்பன், பிள்ளைகளுக்கு வெளியே எல்லாரும் ஒன்றுதான். ஆதியிலிருந்தே அவர்களிடம் இந்தப் பிரிப்பு இருந்ததில்லை. நம்மிடம் இருக்கிறது. இருப்பதை ஏன் இல்லாதவர்களின் சொல்லுக்காகக் கைவிட வேண்டும்?

டொக்யார்ட் வீதி

தாளைப் பற்றிய உங்கள் கோபம் நியாயம். ஆனால் 'ஆதியிலிருந்தே இருந்ததில்லை' என்பது பிழை. அதை அப்படியே விட்டால் மற்ற வாதமும் பிழையான அத்திவாரத்தில்தான் நிற்கும்.

1066இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்னர் பேசப்பட்ட பழைய ஆங்கிலத்தில் தாயின் சகோதரன் 'ஏஅம்', தகப்பனின் சகோதரன் 'ஃபெடெரா'. தகப்பனின் சகோதரி 'ஃபாது', தாயின் சகோதரி 'மோட்ரியே'. நான்கு பேருக்கும் நான்கு சொல். ஃபெடெராவுக்குள் தகப்பன் என்ற சொல் இருக்கிறது, மோட்ரியேக்குள் தாய் என்ற சொல் இருக்கிறது. நாம் பெரியப்பா, சின்னம்மா என்கிற அதே வழி.

நோர்மன்காரரோடு பிரெஞ்சு வந்தது. 1300 அளவில் அங்கிளும் ஆன்டும் ஆங்கில எழுத்தில் தெரியத் தொடங்குகின்றன. பிரெஞ்சுக்கு முந்திய இலத்தீனில் 'அவுங்குலுஸ்' என்றால் தாயின் சகோதரன் மட்டும்தான். 'அவுஸ்' என்றால் பாட்டன். அதில் சிறுமை விகுதி சேர்ந்து சின்னப் பாட்டன் என்பது போன்ற பொருள். தகப்பனின் சகோதரனுக்கு 'பத்ரூஸ்' என்று தனிச் சொல் இருந்தது. ஆன்ட் வந்தது 'அமிதா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து. அமிதா தகப்பனின் சகோதரி. தாயின் சகோதரிக்கு 'மாதெர்தெரா'.

இப்போது நம் முறையோடு வைத்துப் பாருங்கள். பத்ரூஸ் என்பது 'பதேர்', அதாவது தகப்பன், என்பதிலிருந்து வந்தது. மாதெர்தெரா 'மாதெர்' என்ற தாயிலிருந்து வந்தது. அவை இரண்டும் நம் சித்தப்பா, சின்னம்மா பக்கம். அவுங்குலுசுக்கும் அமிதாவுக்கும் தகப்பன் பெயரோடோ தாய் பெயரோடோ அப்படி ஓர் ஒட்டு இல்லை. அவை நம் மாமாவும் மாமியும். ஆங்கிலத்தில் இன்றுவரை நிலைத்து நிற்பவை இந்த இரண்டும்தான்.

தாய்மாமனுக்கு அங்கே தனி மதிப்பும் இருந்தது. ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98 அளவில் ஜெர்மானியக் குலங்களைப் பற்றி எழுதும்போது, சகோதரியின் மகன்களுக்குத் தகப்பனிடம் எவ்வளவு மதிப்போ அவ்வளவு தாய்மாமனிடமும் உண்டு என்கிறார். அவர் அங்கே தாய்மாமனுக்குப் போட்ட சொல் அவுங்குலுஸ்தான். ஆங்கிலேயரின் முன்னோர் அந்தக் குலங்களிலிருந்து வந்தவர்கள்.

ஆகவே வீட்டுக்குள் விடக் கூடாது என்று நீங்கள் சொல்லும் சொல், பிறப்பில் நம் மாமா. அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

கோணேசபுரி

டொக்யார்ட் ஐயா இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கடைசிப் படியில் கால் வைக்காமல் நிற்கிறார். அமிதாவுக்குள் இருப்பது நம் அம்மா. அவுஸ் என்பது நம் அவ்வை. தாய்மாமனை நம் பெரியவர்கள் அம்மான் என்றார்கள், அதிலிருந்து அவுங்குலுஸ் எவ்வளவு தூரம்? கோணேசர் மலைக்குக் கீழே இருக்கும் இயற்கைத் துறைமுகத்துக்கு எந்தக் காலத்தில் எந்தக் கப்பல் வராமல் இருந்தது? சரக்கோடு சொல்லும் போயிருக்கிறது. அங்கிளும் அன்ரியும் நம்மிடமிருந்து போய்த் திரும்பி வந்த பிள்ளைகள். விரட்டவும் வேண்டாம், கடன் என்று வெட்கப்படவும் வேண்டாம்.

டொக்யார்ட் வீதி

துறைமுகத்தின் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு, என் அப்பா அங்கேதான் வேலை பார்த்தார். ஆனாலும் இதை ஏற்க முடியாது.

அவுஸ் என்ற சொல்லின் உறவுகள் தெரிந்தவை. அநாத்தோலியாவில், அதாவது இன்றைய துருக்கியில், பேசப்பட்ட ஹிட்டைட் மொழியில் பாட்டனுக்கு 'ஹுஹ்ஹ', ஆர்மேனியத்தில் 'ஹவ்'. நான் மேலே சொன்ன பழைய ஆங்கில 'ஏஅம்' கூட அதே வேரிலிருந்து வந்ததுதான். அத்தனையும் ஒரே குடும்பத்து மொழிகள், ஒலி மாறும் விதமும் ஒழுங்காகப் பொருந்துகிறது. அவ்வை என்றால் தாய், முதியவள். பாட்டன் இல்லை. ஒலி ஒரு மாதிரி கேட்கிறது என்பது மட்டும் போதாது.

அமிதா விஷயம் வேறு. அதற்குள் அம்மா என்பது போன்ற ஒரு குழந்தைச் சொல் இருக்கிறது என்றுதான் சொல்லாராய்ச்சிக்காரரும் கருதுகிறார்கள். ஆனால் பால் குடிக்கிற பிள்ளை உதட்டை மூடித் திறந்தால் எந்த நாட்டிலும் 'மா'வும் 'பா'வும்தான் வரும். பெரியவர்கள் அதை யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதுதான் மாறும். ஜோர்ஜிய மொழியில் 'மாமா' என்றால் தகப்பன், தாய்க்கு 'தேதா'. அதற்காக ஜோர்ஜியாக்காரர் நம் மாமாவை எடுத்துத் தகப்பனாக்கிவிட்டார்கள் என்று சொல்வோமா?

தமிழின் பெருமைக்கு இது தேவையும் இல்லை. முறைப்பெயர்களை எப்படி விளிப்பது என்று தனியாகச் சூத்திரம் எழுதியது தொல்காப்பியம். எந்தை, நுந்தை, தந்தை என்று யாருடைய தகப்பன் என்பதைக்கூடச் சொல்லுக்குள்ளேயே வைத்திருந்த மொழி இது. உறுதியாகக் கையில் இருப்பது இவ்வளவு இருக்கும்போது, நிற்காத ஒன்றை ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்?

கோணேசபுரி

ஆர்மேனியத்தையும் ஹிட்டைட்டையும் நம்புகிறவர்கள் தமிழை மட்டும் சந்தேகிப்பது எனக்கு வருத்தம்தான். என் கருத்தில் நான் நிற்கிறேன். இதற்கு மேல் உப்புவெளியின் கேள்வியைக் குழப்ப விரும்பவில்லை.

கிண்ணியா வாசி

எங்கள் முஸ்லிம் பக்கத்தையும் வையுங்கள். எங்கள் வீட்டில் தகப்பனின் தம்பி சாச்சா. இந்தி, உருது என்கிற இந்துஸ்தானியிலும் சாச்சா என்றால் தகப்பனின் தம்பிதான். எங்கிருந்தோ வந்த சொல் என்று யாரும் அதை வெளியே தள்ளவில்லை, ஏனென்றால் வந்த சொல் தன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்துகொண்டது. சாச்சா என்றால் ஆள் யார் என்று கிண்ணியாவில் ஒரு பிள்ளைக்கும் சந்தேகம் வராது. தாயின் சகோதரன் மாமாதான், அவர் பிள்ளைகள் மச்சானும் மச்சியும்தான். உங்கள் முறையும் எங்கள் முறையும் அந்த இடத்தில் ஒன்றுதான்.

அதனால் உப்புவெளி அண்ணா, அந்நியச் சொல் என்பதைக் குற்றமாக வைக்காதீர்கள். சொல் வந்த பிறகு ஆட்கள் பிரிந்து தெரிகிறார்களா, கலந்து போகிறார்களா என்பதுதான் கேள்வி. சாச்சா வந்தார், ஆள் பிரிந்துதான் நின்றார். அங்கிள் வந்தார், நான்கைந்து பேர் ஒருவராகிவிட்டார்கள்.

நிலாவெளி ரதி

எல்லாரும் ஆண்கள் போல் தெரிகிறது, அதனால்தான் ஒரு விஷயம் இன்னும் வரவில்லை.

நான் நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். ஒரு நாளில் எத்தனையோ பெரிய ஆண்களோடு கதைக்க வேண்டும்: சாமான் கொண்டுவருகிறவர், படகுக்காரர், கொழும்பிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர். இவர்களை நான் என்ன சொல்லிக் கூப்பிடுவது? அங்கிளை விட்டால் மாமா என்றுதான் சொல்ல வேண்டும். நம் முறையில் மாமா என்றால் தாயின் சகோதரன் மட்டும் இல்லை, புருஷனின் தகப்பனும் மாமாதான். நான் ஒருவரை மாமா என்றால் அவர் மகன் எனக்கு மச்சான். மச்சான் என்றால் கட்டிக்கொள்ளும் முறை. கலியாணமாகாத காலத்தில் ஒரு கடைக்காரரை மாமா என்று கூப்பிட்டு, அங்கே நின்ற அவருடைய மகன் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம். அதற்குப் பிறகு நான் அங்கிளுக்கு மாறினேன். அங்கிள் என்றால் மரியாதையும் இருக்கிறது, தூரமும் இருக்கிறது, அவர் மகன் எனக்கு யாரும் இல்லை.

உங்களுக்கு அந்தச் சொல் எல்லாரையும் கலக்கிற சொல். எனக்கு அது ஒரு வேலி. தமிழில் அந்த வேலிக்குச் சொல் இல்லாத இடத்தில் அது வந்து நிற்கிறது.

உப்புவெளிக்காரன்

ரதி தங்கச்சி, 'ஐயா' இருக்கிறதே. எந்த முறையும் ஒட்டாத சொல்.

டொக்யார்ட் அவர்களுக்கு: ஆதியில் இருந்தது என்பதை நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், நன்றி. ஆனால் அது என் வாதத்தைத்தான் பலப்படுத்துகிறது. இல்லாத ஒன்றை அவர்கள் பேசவில்லை. இருந்ததைத் தொலைத்துவிட்டுப் பேசுகிறார்கள். நான்கு சொல் வைத்திருந்தவர்கள் இரண்டு சொல்லுக்கு வந்தார்கள், எப்படி? ஆள வந்தவர்களின் சொல் நாகரிகமாகத் தெரிந்தது, வாங்கினார்கள். நம் வீட்டில் இப்போது நடப்பதும் அதுதானே?

பிறப்பில் மாமா என்பதால் சித்தப்பாவை அங்கிள் என்பதில் குற்றமில்லை என்று ஆகாது. நாற்றம் என்றால் முன்னே நறுமணம். இன்று சபையில் ஒருவரைப் பார்த்து உங்களிடம் நாற்றம் வீசுகிறது என்று சொல்லிப் பாருங்கள். சொல்லின் பிறப்பு பழங்கணக்கு. பிள்ளைக்கு வேண்டியது இன்றைய பொருள்.

டொக்யார்ட் வீதி

நாற்றம் நல்ல உதாரணம், ஏற்கிறேன். நான் பிறப்பைச் சொன்னது இன்றைய பொருளைத் தீர்ப்பதற்காக இல்லை, 'குடும்பம் தெரியாத ஆட்கள்' என்ற பேச்சை நிறுத்துவதற்காக.

உங்கள் பக்கத்துக்கு இன்னும் பலமான சாட்சி ஒன்றை நானே தருகிறேன். ஜெர்மன் மொழியில் தாயின் சகோதரன் 'ஓஹைம்', தகப்பனின் சகோதரன் 'ஃபெட்டர்', அத்தைமாருக்கும் பக்கம் பிரித்துத் தனிச் சொல் இருந்தது. 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் பிரெஞ்சு மோகத்தில் 'ஓன்கெல்', 'தாந்தெ' என்று வாங்கினார்கள். இன்று ஓஹைம் பழைய எழுத்தில்தான் கிடக்கிறது. ஃபெட்டர் செத்துப் போகவில்லை, ஆனால் தகப்பனின் சகோதரன் என்ற பொருள் போய் இப்போது கசின் என்ற பொருளில் நிற்கிறது. ஒரு சொல் உள்ளே வந்தால் பழைய சொற்கள் தங்கள் கதிரையைத் தாங்களே மாற்றிக்கொள்ளும். இதில் பயப்பட நியாயம் உண்டு.

ஆனால் ஒன்று. அவர்கள் தொலைத்தது சொல்லை வாங்கியதால் மட்டும் இல்லை. தாய் பக்கம், தகப்பன் பக்கம் என்ற பிரிப்பில் தொங்கிக்கொண்டிருந்த கடமை எதுவும் மிச்சம் இல்லாதபோது, இரண்டு சொல்லைத் தூக்கிச் சுமக்க யாருக்கும் தேவை இருக்கவில்லை. நம்மிடம் தேங்காய் உடைக்க ஒரு மாமா தேவைப்படும் வரைக்கும் மாமா சாக மாட்டார்.

சீனக்குடா

ரதி சொன்னதற்கு ஒரு பதில் என் வேலிக்கு அப்பால் இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் பாதி வீடு சிங்களக் குடும்பங்கள். சிங்களம் வட இந்திய மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் முறை மட்டும் அச்சொட்டாக நம்முடையது. தாயின் சகோதரன் 'மாமா', அவர் பெண்சாதி 'நெந்தா', தகப்பனின் சகோதரியும் 'நெந்தா'. தகப்பனின் தம்பி 'பாப்பா', அவர் பிள்ளைகள் கூடப்பிறந்த பிள்ளைகள் மாதிரி. மாமாவின் மகன் 'மஸ்ஸினா', மகள் 'நேனா', இருவரும் கட்டிக்கொள்ளும் முறை.

அப்படியிருந்தும் அவர்களுடைய பிள்ளைகள் பொலிஸ்காரரைப் 'பொலிஸ் மாமா' என்கிறார்கள். பள்ளிக்கூட வான் ஓட்டுகிறவரையும் மாமா என்கிறார்கள். எந்தக் குழப்பமும் இல்லை. ஆகவே அதே முறை உள்ள மொழியில் வெளியாளை மாமா என்று அழைக்கலாம், உலகம் இடிந்து விழாது. நாங்கள்தான் கூச்சப்பட்டு ஆங்கிலத்துக்கு ஓடுகிறோம்.

நிலாவெளி ரதி

சீனக்குடா அண்ணா, நீங்கள் சொல்வது பிள்ளைகளை. ஏழு வயதுப் பிள்ளை பொலிஸ் மாமா என்றால் அழகு. அதே பிள்ளை இருபது வயதில் பொலிஸ் நிலையத்துக்கு அடையாள அட்டை தொலைந்தது என்று சொல்லப் போனால் மாமா என்றா சொல்கிறாள்? 'மாத்தயா' என்றோ 'சேர்' என்றோதான் சொல்கிறாள். என் கேள்வி அந்த இருபது வயதுக்காரியைப் பற்றியது.

'ஐயா' என்ற பதிலுக்கு: ஐயா என்றால் நான் கீழே, அவர் மேலே. கோயில் ஐயருக்கும் கந்தோரில் இருக்கிறவருக்கும் சரி. விடுதிக்குத் தேங்காய் கொண்டுவருகிறவரை ஐயா என்றால் அவரே கூசுகிறார். நான் சொல்லிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. நீங்கள் இருவரும் என்னைத் தங்கச்சி என்கிற முறையில் கதைக்கிறீர்கள், நான் உங்களை அண்ணா என்கிறேன். நாம் ஒருவரை ஒருவர் கண்டதே இல்லை. அண்ணா, அக்கா, தம்பி, மச்சான் எல்லாவற்றையும் தெருவுக்கு விட்டவர்கள் நாம்தான், ஆங்கிலம் இல்லை. ஒரு பொடியன் வகுப்பில் இருக்கிற அத்தனை பேரையும் மச்சான் என்கிறான். யாரும் அவனுக்குத் தாள் கொடுத்துத் திருத்தவில்லை.

உப்புவெளிக்காரன்

அண்ணா, தம்பியைத் தெருவுக்கு விட்டோம் என்பது உண்மை. ஆனால் வீட்டுக்குள் அண்ணா அண்ணாவாகவே இருக்கிறார். அங்கிள் தெருவிலிருந்து வீட்டுக்குள் வருகிறது. வந்து சித்தப்பாவை எழுப்பிவிட்டு அவர் இடத்தில் உட்காருகிறது. திசைதான் வித்தியாசம்.

ஸ்காபரோ திருமலையான்

இங்கே கனடாவில் இருந்து சொல்கிறேன், உங்கள் மூன்றாவது பெட்டிதான் மிகக் கொடியது. கசின்.

என் மகனுக்கு அப்பா பக்கத்தில் மாமி மகள் ஒருத்தி, அம்மா பக்கத்தில் பெரியம்மா மகள் ஒருத்தி. இங்கே இருவரும் கசின். போன முறை ஊருக்கு வந்தபோது அவனுடைய அம்மம்மா, படம் எடுக்கும் நேரத்தில், "மச்சாளுக்குப் பக்கத்தில் வந்து நில்லடா மாப்பிள்ளை" என்று பகிடியாகச் சொன்னா. பொடியன் முகம் சிவந்து போய்விட்டான். அவனுக்குக் கசின் என்றால் தங்கச்சி மாதிரி. அம்மம்மாவுக்கோ பெரியம்மா மகள்தான் அக்கா, மாமி மகள் வேறு. அவனுக்கு அம்மம்மா மேல் கோபம், அம்மம்மாவுக்கு இவன் ஏன் கோபிக்கிறான் என்று விளங்கவில்லை. அன்று இரவு முழுக்க நான் இருவருக்கும் நடுவில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தச் சொல்லைத் தேடிப் படித்தேன். இலத்தீனில் 'கொன்சோப்ரினுஸ்'. அதற்குள் இருப்பது சகோதரி என்ற சொல். முதலில் அது தாயின் சகோதரியின் பிள்ளைக்குத்தான். தகப்பனின் சகோதரன் பிள்ளைக்கும், தகப்பனின் சகோதரி பிள்ளைக்கும் வேறு வேறு சொல் இருந்தது. அதாவது கசின் பிறந்தபோது அது நம் சின்னம்மா, பெரியம்மா பிள்ளைகள், நாம் அண்ணன் தங்கச்சி என்று சொல்கிறவர்கள். பிறகு ஆங்கிலத்தில் அது எவ்வளவு பரந்துபோனது என்றால், ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் அரசன் தன் அண்ணன் மகனையே கசின் என்கிறான். அரசர்கள் மற்ற நாட்டு அரசர்களையும் கசின் என்று எழுதிக்கொண்டார்கள்.

அப்புறம் ரதி அக்காவின் வேலியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கண்டத்தில் அங்கிளுக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெள்ளையர்கள் வயதான கறுப்பின ஆண்களை அங்கிள் என்றும் பெண்களை ஆன்ட் என்றும் அழைத்தார்கள். பாசத்தால் இல்லை. 'மிஸ்டர்', 'மிஸிஸ்' என்ற மரியாதையைக் கொடுக்க மனமில்லாததால். உறவுச் சொல் வெளியாளுக்குப் போகும்போது அது எப்போதும் மரியாதையாகத்தான் போகிறது என்று எண்ண வேண்டாம்.

நிலாவெளி ரதி

இது எனக்குத் தெரியாத செய்தி. படித்ததும் எங்கள் விடுதியை நினைத்துப் பார்த்தேன். முகாமையாளர் எல்லாருக்கும் சேர். தோட்டத்தில் வேலை செய்கிறவர் எல்லாருக்கும் அங்கிள். முகாமையாளரை விட அவருக்கு வயது அதிகம். அவரை யாரும் சேர் என்பதில்லை, முகாமையாளரை யாரும் அங்கிள் என்பதில்லை. இதை நான் இன்றுதான் கவனிக்கிறேன்.

ஆனாலும் இங்கே மரியாதை இல்லாமல் கூப்பிட வேண்டுமென்றால் அதற்கு நம்மிடம் வழி ஏற்கெனவே இருக்கிறது: வெறும் பெயரைச் சொல்வார்கள். அங்கிள் அதற்கு ஒரு படி மேலே. அந்தப் படியை எடுத்துவிட்டால் தோட்டக்காரர் கீழேதான் போவார், மேலே போக மாட்டார்.

கிண்ணியா வாசி

அவரை என் பிள்ளைகள் கண்டால் காக்கா என்பார்கள். நாங்கள் அண்ணனுக்குச் சொல்லும் சொல். வெளியாளுக்கும் அதுதான். வயது இன்னும் கூடினால் அப்பா. மீன்காரருக்கும் அது, கடைக்காரருக்கும் அது. எங்கள் ஊரில் அந்தப் படி இன்னும் தமிழ் பேசுகிற வாயில்தான் இருக்கிறது. ரதி தங்கச்சியின் மாமாச் சிக்கல் உண்மை, ஆனால் மாமாவை விட்டால் அடுத்தது அங்கிள்தான் என்று இல்லை. நடுவில் வேறு சொற்களும் உண்டு.

சீனக்குடா

தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு நம் முறை எவ்வளவு பெரிய விஷயமாகத் தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவைச் சேர்ந்த லூயிஸ் ஹென்றி மோர்கன் 1871இல் உலகத்து மக்களின் உறவுப் பெயர்களைத் தொகுத்து வெளியிட்டார். நியூயோர்க் பக்கத்துச் செனெக்கா என்ற பழங்குடியினரின் முறையைப் பல வருடம் படித்தவர் அவர். தமிழ் முறையின் பட்டியல் கைக்கு வந்தபோது திகைத்தார்: தகப்பனின் சகோதரனைத் தகப்பன் என்பதும், தாயின் சகோதரியைத் தாய் என்பதும், அவர்களுடைய பிள்ளைகளைச் சகோதரர் என்பதும் இரண்டிலும் உண்டு. இதை வைத்து இரு இனமும் ஒன்று என்று அவர் போட்ட முடிச்சை இன்று யாரும் ஏற்பதில்லை. ஆனால் மனித உறவு முறைகளைப் படிக்கும் துறையே அந்த வேலையிலிருந்துதான் கிளம்பியது, அதில் தமிழ் முறை நடுவில் இருந்தது. இன்றும் அந்தத் துறையில் 'திராவிட முறை' என்பது உலகம் முழுக்கப் பயன்படும் பெயர். அவர்கள் இவ்வளவு அக்கறையோடு படித்ததை ஒரு முன்பள்ளித் தாளில் மூன்று பெட்டிக்குள் அடைப்பது எனக்கும் பொறுக்கவில்லை. இந்த இடத்தில் நான் உப்புவெளியோடு.

டொக்யார்ட் வீதி

அப்படியானால் தாளைத் திருத்துங்கள். சொல்லை ஒழிப்பது நம் கையில் இல்லை, தாள் நம் கையில் இருக்கிறது.

உப்புவெளிக்காரன்

சரி. நான் ஒரு தாளை எழுதியிருக்கிறேன். பெட்டிகளின் தலைப்பு: பெரியப்பா, சித்தப்பா, மாமா, பெரியம்மா, சின்னம்மா, மாமி. கீழே: அண்ணன் தங்கச்சி முறை, மச்சான் மச்சாள் முறை. திங்கட்கிழமை ரீச்சரிடம் கொடுக்கப் போகிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

கிண்ணியா வாசி

அந்த முன்பள்ளியில் எங்கள் பிள்ளைகளும் இருந்தால் இது சரிவராது. சாச்சாவுக்குப் பெட்டி இல்லை. தலைப்பில் பெயரை எழுதாமல் உறவை எழுதுங்கள்: 'அப்பாவின் தம்பி', 'அம்மாவின் அண்ணன்' என்று. அதற்குக் கீழே கோடு போட்டு விடுங்கள். தான் என்ன சொல்லிக் கூப்பிடுகிறது என்பதைப் பிள்ளை வீட்டில் கேட்டு எழுதட்டும். அப்பாவை வாப்பா என்கிற பிள்ளைக்கும் தாள் பொருந்தும். வீட்டில் ஒரு தரம் கேட்டாலே அம்மம்மாமார் மிச்சத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

ஸ்காபரோ திருமலையான்

இதை எனக்கும் அனுப்புங்கள். இங்கே வார இறுதித் தமிழ் வகுப்பில் கொடுக்கலாம். 'அப்பாவின் அக்காவின் மகள்', 'அம்மாவின் அக்காவின் மகள்' இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள், தயவுசெய்து.

நிலாவெளி ரதி

உறவை எழுதுவது மிக நல்ல யோசனை. ஆனால் 'வீட்டுக்கு வந்து போகும் பெரியவர்கள்' என்று ஒரு பெட்டி வேண்டும். வான் ஓட்டுகிறவர் என் மகளைத் தினமும் கையைப் பிடித்து றோட்டைக் கடத்திவிடுகிறார். அவர் படம் ஒட்ட இடம் இல்லாத குடும்பத் தாளை அவள் வாங்க மாட்டாள். அந்தப் பெட்டிக்குக் கீழே அவள் அங்கிள் என்றுதான் எழுதுவாள்.

உப்புவெளிக்காரன்

பெட்டி போடுகிறேன். கோடும் போடுகிறேன். அங்கிள் என்ற சொல்லை நான் அச்சடிக்க மாட்டேன்.

நிலாவெளி ரதி

அச்சடிக்கச் சொல்லவில்லையே அண்ணா. கோட்டைக் கொஞ்சம் நீளமாகப் போடுங்கள்.